அத்தியாயம் 6: ஓடையைக் கடப்பதும் மூழ்கிய வண்டியை மீட்பதும்

கம்பம் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றிலும் எந்த மண்பாதையைப் பிடித்து மலைப்பக்கம் போனாலும் சிறிது தூரத்தில் ஓர் ஓடை குறுக்கே வரும். குரங்கணிப் பக்கம் கொட்டக்குடி ஆறு, பெரியகுளத்துக்கு மேலே வராக நதி, வருசநாட்டில் மூல வைகை, கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளி. பாலம் எல்லா இடத்திலும் இருக்காது. இருக்கும் இடத்திலும் அது தரைப்பாலம்தான், மழை வந்தால் தண்ணீருக்கு அடியில் போய்விடும்.

அடிவாரத் தோட்டத்துக்கு எக்ஸெல்லிலோ பைக்கிலோ தினமும் போய் வருபவரும், மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் அல்லது நாலு சக்கர ஏடிவி வைத்திருப்பவரும் இந்த ஓடைகளில் ஒரே மாதிரிதான் மாட்டுகிறார்கள். ஓடையில் எப்படி இறங்குவது, எப்போது இறங்கக்கூடாது, இறங்கி வண்டி மூழ்கிவிட்டால் இன்ஜினைக் கெடுக்காமல் எப்படி வெளியே எடுப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கே ஓட்டலாம்

ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்க மலைகளில் பெரும்பகுதி இப்போது அதற்குள் வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். காப்பகத்துக்கு வெளியே இருக்கும் காப்புக்காட்டிலும் உங்கள் விருப்பத்துக்கு வண்டி ஓட்ட முடியாது. ஆகவே ஊராட்சிச் சாலை, தோட்டத்து வண்டிப்பாதை, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்ட பட்டா நிலம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதை காட்டுக்குள் போகிறதா என்று சந்தேகம் வந்தால் அந்த ஊர் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது ஒரு மணி நேர வேலை.

ஏடிவிக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. நம் நாட்டில் விற்கும் ஏடிவிகளில் பெரும்பாலானவற்றைப் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. தோட்டத்து வேலிக்குள் ஓட்டலாம். வேறிடம் கொண்டுபோக வேண்டுமென்றால் குட்டி யானை எனும் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

மேலே மழை, கீழே வெயில்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. தேனியிலும் சின்னமனூரிலும் காற்று மட்டும் அடிக்கும், வானம் வெளுத்துக் கிடக்கும். அதே நேரத்தில் மேற்கே மலை முகட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு ஓடை வழியாக நம் பக்கம்தான் இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போதும், ஏப்ரல் - மே கோடை மழையிலும், மதியத்துக்கு மேல் மலையில் இடி இடித்துப் பெய்யும். கும்பக்கரை, சுருளி அருவிகளில் குளிக்க அடிக்கடி தடை போடுவது இதனால்தான். அருவியில் நிற்பவரின் தலைக்கு மேல் ஒரு துளிகூட விழுந்திருக்காது, தண்ணீர் மட்டும் திடீரென்று ஏறும்.

முல்லைப் பெரியாற்றின் கதை வேறு. லோயர்கேம்பிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக ஓடும் அந்த ஆற்றில் தண்ணீரின் அளவை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக எவ்வளவு திறக்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல் வயலுக்கு முதல் போகத் தண்ணீர் திறக்கும் நாளில், நேற்று முழங்கால் அளவு இருந்த துறை இன்று இடுப்பளவு ஆகியிருக்கும். வைகை அணைக்குக் கீழே ஓட்டுபவர்கள் அணையின் மட்டத்தைக் கவனிக்க வேண்டும். மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. எச்சரிக்கை வந்த பிறகு ஆற்றுக்குள் எந்த வண்டிக்கும் வேலை இல்லை.

ஓடைக்கரையில் செய்ய வேண்டியவை:

1. வண்டியைக் கரைக்கு மேலே, மேடான இடத்தில் நிறுத்துங்கள். ஓடைப் படுகையில் நிறுத்தாதீர்கள்.
2. மலை முகட்டைப் பாருங்கள். உச்சியில் கருமேகம் குந்தியிருந்தால் அன்றைக்கு அந்த ஓடை வேண்டாம்.
3. மேலேயிருந்து இறங்கி வரும் ஆட்களையோ ஜீப் டிரைவரையோ, "அண்ணே, மேல மழையா?" என்று கேளுங்கள். எந்தச் செயலியும் அதைவிடச் சரியாகச் சொல்லாது.
4. தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். கல் நனைந்தால் தண்ணீர் ஏறுகிறது, திரும்பிவிடுங்கள்.
5. நிறத்தையும் சத்தத்தையும் கவனியுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வருவது, சலசலப்பு இரைச்சலாக மாறுவது, அடியில் கல் உருளும் சத்தம் கேட்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கரையேறுங்கள். வண்டியை எடுக்க நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

காலையில் கடந்து போய், மாலையில் திரும்பும்போது ஓடை பெருகியிருந்தால் அக்கரையிலேயே இருங்கள். இவை சிறிய ஓடைகள், மேலே மழை நின்றால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். டார்ச், குடிதண்ணீர், கொஞ்சம் தின்பண்டம், ஒரு மழைக்கோட்டு ஆகியவை பையில் எப்போதும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்தக் காத்திருப்புக்காகத்தான். பசியும் இருட்டும்தான் ஆட்களை அவசரப்பட்டுத் தண்ணீரில் இறங்க வைக்கின்றன.

கடக்கும் முறை

வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே நிற்கும் ஆளைத் தள்ளும். ஓர் அடி இருந்தால் சின்னக் காரையே நகர்த்தும். பைக்குக்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: நிற்கும் தண்ணீர் என்றால் சக்கரத்தின் நடு அச்சு வரை, ஓடும் தண்ணீர் என்றால் அதில் பாதி. உங்கள் வண்டியில் ஏர் பில்டர் பெட்டி எந்த உயரத்தில் காற்றை இழுக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் சீட்டுக்கு அடியில் இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கும். தண்ணீர் அந்த வாயைத் தொட்டால் இன்ஜினுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

1. செருப்போடு இறங்காதீர்கள். ஷூ போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்போடு, வண்டி போக வேண்டிய அதே தடத்தில் அக்கரை வரை நடந்து பாருங்கள். தண்ணீர் மேலே சொன்ன அளவைத் தாண்டினாலோ காலை இழுத்தாலோ அத்தோடு திரும்புங்கள்.
2. அகலமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அகலமாகப் பரவும் இடத்தில் ஆழமும் வேகமும் குறைவு. குறுகிய இடம் பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் அங்கேதான் ஆழம். தடுப்பணைக்கு மேலேயோ அருவி விழும் இடத்துக்கு மேலேயோ கடக்கவே கூடாது.
3. பின்னால் இருப்பவரை இறக்கி நடக்கச் சொல்லுங்கள். போன், ஆர்.சி., லைசென்ஸ் ஆகியவற்றை இரண்டு பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். முதுகுப்பையின் மார்பு வாரைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையைச் சட்டென்று உதற முடிய வேண்டும்.
4. கரையிலேயே முதல் கியருக்கு வாருங்கள். மெதுவாக இறங்கி, ஒரே அளவில் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் போங்கள். நடுவில் கிளட்சைப் பிடிக்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள்.
5. ஓடும் தண்ணீரைப் பார்க்காதீர்கள், தலை சுற்றும். அக்கரையில் ஏற வேண்டிய இடத்தைப் பாருங்கள். நீரோட்டத்தோடு சற்றுச் சாய்வாகப் போவது நேராக எதிர்ப்பதைவிடச் சுலபம்.
6. அக்கரை ஏறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். நனைந்த டிரம் பிரேக் முதல் சில தடவை பிடிக்கவே பிடிக்காது. அடுத்த இறக்கத்தில் அது தெரிய வருவது ஆபத்து.

அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது வேகமாகப் பாய்வது. முன்னால் எழும் அலை நேராக ஏர் பில்டருக்குள் போகும். இரண்டாவது, முன்னால் போன ஜீப்பின் சக்கரத் தடத்திலேயே போவது. ஜீப் அந்தத் தடத்தைப் பள்ளமாக்கிவிட்டுத்தான் போயிருக்கும். மூன்றாவது தரைப்பாலத்தை நம்புவது. தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் பாசி படர்ந்திருக்கும், சக்கரம் வழுக்கினால் விழுவது பாலத்தின் கீழ்ப்பக்கம். மூல வைகைப் படுகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. நேற்று நடந்த தடமென்றாலும் ஒரு வெள்ளம் வந்து போன பிறகு மறுபடி நடந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

தண்ணீர் அல்லாத ஆபத்துகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உயிரை எடுப்பதில் இவை ஓடைக்குக் குறைந்தவை அல்ல.

*சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.* தோட்டத்து வண்டிப்பாதை கிணற்றை ஒட்டியே திரும்பும். ஓரத்தில் புல் மண்டியிருந்தால் விளிம்பு தெரியாது. தெரியாத தோட்டத்தில் இருட்டில் ஓட்டாதீர்கள்.

*மின்வேலி.* காட்டுப்பன்றிக்காகச் சிலர் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அடிவாரத்தில் பாதைக்குக் குறுக்கே தாழ்வாகக் கம்பி தெரிந்தால் கையாலோ வண்டியாலோ தொடாமல் திரும்புங்கள். நனைந்த உடம்போடு இருக்கும்போது இன்னும் கவனம்.

*யானை, காட்டுமாடு.* 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே வந்தது, ஓர் உயிரும் போனது. விடியலிலும் அந்தியிலும் மலையடிவாரப் பாதைகளைத் தவிருங்கள். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், ஆக்சிலரேட்டரை முறுக்காமல், தூரத்திலேயே நின்று வந்த வழியே திரும்புங்கள். போனை எடுத்துப் படம் பிடிக்கும் அந்த அரை நிமிடம்தான் பலரை மாட்டிவிடுகிறது.

*தீ.* 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிப்ரவரி முதல் மழை வரும்வரை மலைச்சரிவுப் புல் காய்ந்து கிடக்கும். சூடான சைலன்சர் பட்டாலே பற்றக்கூடும். அந்த மாதங்களில் புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், சரிவான புல்வெளிப் பாதைகளுக்குப் போகவே போகாதீர்கள்.

*ஏடிவி கவிழ்வது.* நாலு சக்கரம் இருப்பதால் கவிழாது என்று நினைப்பவர்கள் அதிகம். பைக் போல இது வளைவில் சாயாது, நீங்கள்தான் உடம்பைச் சாய்க்க வேண்டும். பக்கச்சரிவில் மேட்டுப் பக்கமும், ஏற்றத்தில் முன்பக்கமும் உடம்பைக் கொண்டுபோங்கள். ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் வண்டியைக் குறுக்கே திருப்பாதீர்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். 300 கிலோ எடை மேலே விழுந்தால் தனியாள் நகர்த்த முடியாது. ஒற்றை இருக்கை வண்டியில் இன்னொருவரை ஏற்றாதீர்கள், பிள்ளைகளை மடியில் வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள். தண்ணீரில் இன்னொரு தொல்லை: ஏடிவியின் டயர்கள் காற்றடைத்த பெரிய டயர்கள். ஆழம் கொஞ்சம் கூடியதும் வண்டி மிதக்கத் தொடங்கும், பிடிமானம் போய் நீரோட்டத்தோடு நகரும்.

வண்டி மூழ்கிவிட்டது: முதல் பத்து நிமிடம்

1. முதலில் ஆள். நீங்கள் வண்டிக்கு மேல்பக்கமாக, அதாவது தண்ணீர் வரும் திசையில் நிற்க வேண்டும். கீழ்ப்பக்கம் நின்றால் நகரும் வண்டி உங்களை அமுக்கும். பிடி நழுவினால் விடுங்கள்.
2. கைக்கு எட்டினால் கில் சுவிட்சை அணைத்துச் சாவியைத் திருப்புங்கள். எட்டாவிட்டால் அதற்காகத் தண்ணீருக்குள் போராட வேண்டாம்.
3. ஆட்களை எண்ணுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. வெள்ளத்தில் ஆள் சிக்கியிருந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. குரங்கணிக்கு மேலேயும் மேகமலையிலும் பல இடங்களில் போன் எடுக்காது. எந்த வளைவில் கடைசியாக சிக்னல் இருந்தது என்று போகும்போதே நினைவில் வைத்திருங்கள். பெரிய காயத்துக்குப் போக வேண்டிய இடம் தேனி கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.
4. வண்டியை வெளியே கொண்டுவந்த பிறகும் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள். கிக்கரையும் மிதிக்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்தும் பார்க்காதீர்கள்.

நாலாவதற்குக் காரணம் ஒன்றுதான். பிஸ்டன் காற்றை அழுத்தும், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் அந்த விசை முழுவதும் கனெக்டிங் ராடில் இறங்கி அது வளைந்துவிடும். ஹைட்ரோ லாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். சின்னமனூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "நனைஞ்ச வண்டி வந்தா பிரச்சினையில்லண்ணே. நனைஞ்சதை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுக் கொண்டுவந்தாத்தான் செலவு." ஆயில், பிளக், பில்டர் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை இன்ஜினைப் பிரித்து ராடு மாற்றும் வேலையாகிறது. எல்லோருக்கும் கை துடிக்கும், "ஒரு தடவை அடிச்சுப் பாப்போம்" என்று கூட நிற்பவரும் சொல்வார். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே இழுப்பது

பைக்கை மூன்று பேர் சேர்ந்தால் இழுத்துவிடலாம். பின்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் பிடியுங்கள். கயிறு கட்டினால் ஃபிரேமில் கட்டுங்கள், இண்டிகேட்டர், மட்கார்டு, சைலன்சர் ஆகியவற்றில் கட்டாதீர்கள்.

ஏடிவிக்கு டிராக்டர் வேண்டும், அல்லது வண்டியிலேயே இருக்கும் வின்ச். நம் பக்கம் டிராக்டர்தான் எப்போதும் கிடைக்கும். இழுக்கும்போது:

- நியூட்ரலில் போடுங்கள். தண்ணீர் போன இன்ஜின் கியரில் இருந்தபடி சக்கரம் சுற்றினால் மேலே சொன்ன சேதம் இங்கேயும் நடக்கும். இதைப் பலர் மறக்கிறார்கள்.
- மரத்தில் வின்ச் கட்டினால் அகலமான பட்டைக் கயிற்றால், சாக்கு சுற்றிக் கட்டுங்கள். கம்பிக் கயிற்றை நேரடியாக மரத்தில் சுற்றினால் மரமும் அறுபடும், கயிறும் போகும்.
- இழுபடும் கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள். கயிறு அறுந்தால் வீச்சு குறையும்.
- கயிற்றின் நீளத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது, கயிற்றைத் தாண்டவும் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் விலக்குங்கள்.
- வெட்டி வெட்டி இழுக்கச் சொல்லாதீர்கள். டிராக்டர் முதல் கியரில் மெதுவாகப் போகட்டும்.

கரையில் செய்ய வேண்டிய வேலை

பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்பேனர் செட், ஸ்குரூ டிரைவர், பழைய துணி, காலி கேன் ஆகியவை இருந்தால் இதைக் கரையிலேயே செய்யலாம். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

1. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ்.
2. ஏர் பில்டர் பெட்டியைத் திறங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்ல செய்தி: தண்ணீர் சிலிண்டருக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. நனைந்திருந்தால் போயிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். பஞ்சு பில்டரை முறுக்காமல் அழுத்திப் பிழியுங்கள். காகித பில்டரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.
3. ஆயிலைப் பாருங்கள். பல பைக்குகளில் இன்ஜின் பக்கத்தில் சிறிய வட்டக் கண்ணாடி இருக்கும், மற்றவற்றில் அளவுக்குச்சி. அளவு கூடாமல், தேன் நிறமோ கறுப்போ தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் இல்லை. பால் ஊற்றிய டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் தண்ணீர் அடியில் தங்கி ஆயில் மேலே மிதக்கும், கண்ணாடியில் நிறம் சரியாகத் தெரியும், அளவு மட்டும் கூடியிருக்கும். அதையும் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
4. பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் அதன் குழியில் நிற்கும் மணலையும் தண்ணீரையும் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் மணல் நேராக சிலிண்டருக்குள் விழும். ஓடை மணல் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.
5. பிளக் துளைமேல் துணியைத் தளர்வாகப் போட்டு, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். கிக்கர் இல்லாத வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் பீச்சியடிக்கும், அதில் பெட்ரோலும் கலந்திருக்கும். வெறும் காற்று வரும்வரை சுற்றுங்கள். எங்காவது இறுக்கிப் பிடித்தால் அதோடு நிறுத்தி ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிவிடுங்கள்.
6. கார்புரேட்டர் வண்டி என்றால் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தனியாகத் தெரியும்.
7. வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, முன்பக்கத்தைத் தூக்கி சைலன்சரில் உள்ள தண்ணீரை வடியுங்கள்.
8. பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, மறுபடி இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பிளக்கை மூடுங்கள். உள்ளே துரு பிடிப்பதைத் தடுக்க இது போதும். ஒர்க்‌ஷாப்புக்குப் போக ஒரு நாள் ஆகும் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸெல் சூப்பருக்கு ஒரு மாற்றம் உண்டு. அதில் காற்றும் பெட்ரோலும் கிராங்க் அறை வழியாகவே மேலே போகின்றன, ஆகவே தண்ணீரும் அங்கேதான் தேங்கும். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு பேர் சேர்ந்து வண்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து இன்ஜினை மெதுவாகச் சுற்றினால் வெளியே வந்துவிடும். எடை குறைந்த வண்டி என்பதால் அது முடியும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பெரும்பாலும் பியூயல் இன்ஜெக்ஷன். அவற்றைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள், சாவியைப் போட்டு மீட்டர் எரிகிறதா என்று பார்க்கவும் வேண்டாம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ ஈரமாக இருக்கும்போது அதில் மின்சாரம் பாய்ந்தால் போவது அதுதான், அது விலை அதிகம்.

வீட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும்

*ஆயில்.* பழையதை முழுவதும் இறக்கி, ஆயில் பில்டரை மாற்றி, விலை குறைந்த புது ஆயிலை ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட்டி நிறத்தைப் பாருங்கள். வெளுத்தால் மறுபடி இறக்குங்கள். நிறம் தெளியும்வரை இப்படியே செய்ய வேண்டும், இரண்டு மூன்று தடவையும் ஆகலாம். கடைசியில் சரியான தர ஆயிலை ஊற்றி, சில நாள் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை மாற்றுங்கள். சில இடங்களில் டீசலை ஊற்றிக் கழுவுவார்கள். இன்ஜினை ஓட்டாமல் ஊற்றி உடனே வடிப்பதோடு நிறுத்தினால் கெடுதல் இல்லை. டீசலோடு இன்ஜினை ஓடவிட்டால் பேரிங் போய்விடும்.

*பெட்ரோல்.* டேங்க் மூழ்கியிருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. தண்ணீர் பட்டால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதை மட்டும் வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்ற பழைய வழக்கம் இதற்கு ஒத்துவராது.

*வயரிங்.* ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்து, நிழலில் காற்றாட உலரவிடுங்கள். ஏர் பம்பு காற்று நல்லது. நெருப்பருகே வைத்து உலர்த்தாதீர்கள். பச்சை பூத்திருக்கும் பின்களைக் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். முழுவதும் உலர்ந்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள்.

*பிரேக்கும் பேரிங்கும்.* டிரம்மைத் திறந்து வண்டலைக் கழுவி உலர்த்துங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, கரகரவென்றால் பேரிங்கை மாற்றுங்கள். வைகை மணல் கிரீஸோடு சேர்ந்துவிட்டால் உள்ளிருந்தே அரைத்துக்கொண்டிருக்கும். செயினைக் கழுவி எண்ணெய் போடுங்கள்.

*ஏடிவிக்கு மட்டும்.* இன்ஜின் ஆயிலோடு கியர் பாக்ஸ், முன் பின் டிஃபரன்ஷியல் ஆயில்களையும் பாருங்கள். மூச்சுக்குழாய் வழியாக அவற்றிலும் தண்ணீர் ஏறும். பெல்ட் ஓடும் பெட்டியின் அடியில் ஒரு வடிகால் மூடி இருக்கும், அதைத் திறந்து வடியுங்கள். ஈரமான பெல்ட் வழுக்கும், வழுக்கும் பெல்ட்டை முறுக்கி ஓட்டினால் எரியும். இன்ஜின் சரியான பிறகு நியூட்ரலில் சிறிது நேரம் ஓடவிட்டால் மீதி ஈரம் போய்விடும்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். வெள்ளைப் புகை சில நிமிடம் வரும், அது உள்ளே நின்ற ஈரம். அடியில் டக் டக் என்ற தட்டல் கேட்டால் உடனே நிறுத்துங்கள், ராடு வளைந்திருக்கலாம்.

இன்சூரன்சும் கழிவு ஆயிலும்

சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்த முழு இன்சூரன்ஸ் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் கேட்கலாம். ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனதாகத் தெரிந்தால் மறுப்பார்கள். இன்ஜினுக்குத் தனியாக எடுக்கும் கூடுதல் காப்பு இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். வண்டி தண்ணீரில் இருக்கும்போதே, பாதுகாப்பான இடத்திலிருந்து, நம்பர் பிளேட் தெரியப் படம் எடுங்கள். நிறுவனத்துக்குச் சொன்ன பிறகு பிரிக்கத் தொடங்குங்கள். மூன்றாம் நபர் காப்பு மட்டும் உள்ளவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது.

வடித்த ஆயிலையும் பெட்ரோலையும் ஓடையில் விடாதீர்கள், கரை மண்ணிலும் கொட்டாதீர்கள். கேனில் பிடித்து, ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் சேர்க்கும் பீப்பாயில் கொண்டுபோய் ஊற்றுங்கள். இந்த ஓடைகள் சேரும் வைகையைத்தான் தேனி ஊர்களிலிருந்து மதுரை வரை குடிக்கிறார்கள்.